வெயில் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்

"இன்னும் கொளுத்துகிறதே, இலையுதிர்காலக் காய்கறிக்கு இப்போதே பாத்தி தயார் செய்யணுமா, குளிர்ந்த பிறகு தொடங்கினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே தொடங்குங்கள். உங்கள் பாத்தியில் கோடைச் செடிகள் பாதி கருகி, பாதி உயிரோடு நிற்கும். பிடுங்க மனம் வராது. எனக்கும் வராது, ஆனாலும் பிடுங்கிவிடுவேன்.

வெயில் அதிகமான ஊர்களில் சூடு மெதுவாகத்தான் குறையும், ஆனால் பகல் வேகமாகச் சுருங்கும். குளிர்ச்சிக்காகக் காத்திருந்தால் வெளிச்சம் கைவிட்டுப் போய்விடும். விதைப் பொட்டலத்தில் அறுவடைக்கு 60 நாள் என்று போட்டிருந்தால், நான் இரண்டு வாரம் கூட்டிக்கொண்டு, உறைபனி வரக்கூடிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். உறைபனியே இல்லாத ஊர் என்றால் இவ்வளவு கறாராக எண்ண வேண்டாம். மாதப் பெயர் எதையும் நான் சொல்லாததற்குக் காரணம், பூமியின் வடபாதிக்கும் தென்பாதிக்கும் இலையுதிர்காலம் ஒரே நேரத்தில் வருவதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியே தீரணும் என்று தோன்றியதற்குக் காரணம் வேர்முடிச்சு நூற்புழு, அதாவது மண்ணிலிருந்து வேருக்குள் புகுந்து அதை வீங்க வைக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. ஒரு கோடையில் என் வெண்டையும் தக்காளியும் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மதியமானால் வாடி நின்றன. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முண்டு முண்டாக வீங்கியிருந்தது. (பயறு வகைச் செடிகளின் வேரில் உள்ள முடிச்சைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அது தழைச்சத்து சேர்க்கும் பாக்டீரியா, சுரண்டினால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும்.) "மண்ணை வாரிக் கொட்டிவிட்டு வேற மண் போடு" என்றார் அண்ணன். வருடக்கணக்கில் மக்கிய உரம் போட்டு வளர்த்த மண் அது. கொட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செடிகளை வேரோடு எடுத்துவிட்டு, பாத்தியைச் சமமாக்கி, நன்றாக ஊறும்படி தண்ணீர் விட்டு, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்தேன். கறுப்பு ஷீட் இதற்கு அவ்வளவு உதவாது. அது வெயிலைத் தானே வாங்கிக்கொள்ளும், நிறமில்லாத ஷீட்தான் வெயிலை மண்வரை விடும். இப்படி நாலு முதல் ஆறு வாரம் உச்சி வெயிலில் கிடந்தால்தான் மண் சூடேறி நூற்புழு சாகும். வெயில் அடங்கும் முன்பே தொடங்கச் சொல்வதும் இதனால்தான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இஸ்ரேலில் தாவர நோய் ஆய்வாளர் யாக்கோவ் கட்டானும் அவருடன் இருந்தவர்களும் 1976இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதிய முறை.

நல்ல நுண்ணுயிரும் செத்துவிடுமே என்று யாராவது கேட்பீர்கள். கொஞ்சம் குறையும், மக்கிய உரம் போட்டால் மறுபடி பெருகும். நூற்புழு முழுசாக ஒழிந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆழத்தில் இருப்பது தப்பித்து, பிறகு மேலே வரும். ஆனால் ஒரு பருவப் பயிரைக் காப்பாற்ற அது போதும். அந்த இலையுதிர்காலத்தில் நான் எடுத்த கேரட்டில் ஒரு முண்டு இல்லை. ஷீட்டை எடுத்த பிறகு மட்டும் ஆழமாகக் கொத்தாதீர்கள், அடியில் தூங்கும் களை விதைகள் மேலே வந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு மனக்குறை. ஷீட் விரித்த வாரமே குடியிருப்புச் சங்கத்திலிருந்து, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுங்கள் என்று கடிதம் வந்தது. கிழிந்த தார்ப்பாய் போர்த்திய கார்கள் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கின்றன, அவற்றுக்கு ஒரு கடிதமும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் காய்கறி வளர்ப்பவரிடம் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?

சரி, விதைக்கு வருவோம். ஷீட்டை எடுத்ததும் மண்ணைக் குளிரவிட வேண்டும். மக்கிய உரத்தை இரண்டு விரல்கடை உயரம் பரப்பி, அதன்மேல் காய்ந்த இலை மூட்டாக்கு, அதற்கு மேலே நிழல்வலை. லெட்யூஸ் (சாலட்டில் போடும் கீரை) விதை 30 டிகிரி செல்சியஸ் தாண்டிய மண்ணில் பெரும்பாலும் முளைக்காமல் உறங்கிவிடும். விதை மோசம் என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கேரட் முளைக்கும்வரை மேல்மண் காயவே கூடாது. விதைத்த வரிசைமேல் ஒரு பலகையை வைத்து, தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்த அன்றே பலகையை எடுத்துவிடுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் நிழலில் நாற்றாக வளர்த்து, நாலைந்து வாரத்தில் ஒரு மாலை நேரத்தில் நடுங்கள். தட்டிலேயே முற்றவிட்ட காலிஃபிளவர் நாற்று பொத்தான் அளவு பூவோடு நின்றுவிடும்.

வெயிலில் 30 முதல் 50 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலை போதும். செடி வேர் பிடித்து வெயில் தணிந்ததும், முதலில் காலையில் மட்டும் விலக்கிப் பழக்கி, பிறகு மொத்தமாக எடுத்துவிடுங்கள். தேவைக்கு மேல் விட்டுவைத்தால் செடி வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டுவிடும்.