பதில் நேரத்தை யாருடைய கடிகாரத்தில் அளப்பது?

கோலாலம்பூர், பினாங்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகளில் பணிபுரிவோர் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: அக்கா, இணையத்தில் சேலை விற்கிறோம். பெரும்பாலோருக்குப் பத்து நிமிடத்தில் பதில் அனுப்பிவிடுகிறோம். ஆனால் அறிக்கையில் சராசரி இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஏன்?

பதில்: பத்து டிக்கெட்டுகளில் (வாடிக்கையாளரின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் திறக்கும் பதிவுதான் டிக்கெட்) ஒன்பதுக்கு 10 நிமிடத்திலும் ஒன்றுக்கு 20 மணி நேரத்திலும் பதில் போனால் மொத்தம் 1,290 நிமிடம், சராசரி 129. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 129 நிமிடம் காத்திருக்கவில்லை. நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்பதை எடுங்கள். அதுதான் இடைநிலை அளவு. இங்கே அது 10 நிமிடம். உங்கள் வழக்கமான வேகம் அதில் தெரியும். ஆனால் அதை மட்டும் காட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 20 மணி நேரம் காத்திருந்தவர் அந்த எண்ணில் காணாமல் போய்விடுகிறார். நாளை மறுநாள் கல்யாணம், சேலை இன்னும் வரவில்லை என்று எழுதியவராக அவர் இருக்கலாம். வாரந்தோறும் மிக நீண்ட காத்திருப்புகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து வாசியுங்கள். எந்த அட்டவணையையும்விட அந்த வாசிப்பையே நான் நம்புகிறேன்.

செந்தூல் வாசகர்: "உங்கள் செய்தி கிடைத்தது" என்று தானாகப் போகும் பதிலை முதல் பதிலாகக் கணக்கிடலாமா?

பதில்: கூடாது. மனிதர் எழுதிய பதில்தான் கணக்கு.

ஜார்ஜ்டவுன் வாசகர்: எங்களுக்கு அலோர் ஸ்டாரிலும் சுங்கை பட்டாணியிலும் நிறைய வாடிக்கையாளர்கள். அலுவலக நேரத்தை மட்டும் எண்ணுகிறோம். அறிக்கை நன்றாக இருக்கிறது. அவர்களோ தாமதம் என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது உண்மைதான். அந்த இரண்டு ஊர்களும் இருக்கும் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அங்குள்ள வாடிக்கையாளர் வேலையில் அமர்ந்து உங்களுக்கு எழுதுகிறார். பினாங்கில் அன்று விடுமுறை. உங்கள் கடிகாரம் திங்கட்கிழமை காலையில்தான் ஓடத் தொடங்குகிறது. பதினைந்து நிமிடத்தில் பதில் போனதாக அறிக்கை சொல்கிறது. அவர் காத்திருந்ததோ ஒரு முழு நாள். ஊழியர்களின் உழைப்பை மதிப்பிட அலுவலக நேரக் கணக்கு நியாயமானது. அதை விட வேண்டாம். பக்கத்திலேயே வாடிக்கையாளர் காத்திருந்த முழு நேரத்தையும் போடுங்கள். இரண்டும் வெகுவாக விலகும் நாளில், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவரை அமர்த்துவது பற்றி யோசியுங்கள். கோலாலம்பூரிலும் கிளை இருந்தால் விடுமுறைப் பட்டியலைத் தனித்தனியாக வையுங்கள்: பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம் பினாங்குக்கு இல்லை; ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம் கோலாலம்பூருக்கு இல்லை.

பாயான் லெப்பாஸ் வாசகி: பதினைந்து நிமிட இலக்கு வைத்தார்கள். எல்லோரும் "பார்க்கிறோம், பொறுத்திருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இலக்கு எட்டப்படுகிறது, புகார் குறையவில்லை.

பதில்: உங்கள் தோழர்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் பதிலை மட்டும் அளந்தால் முதல் பதில் மட்டும்தான் வேகமாக வரும். வாடிக்கையாளரின் ஒவ்வொரு செய்திக்கும் அடுத்த பதில் எப்போது போனது, பிரச்சினை எப்போது தீர்ந்தது, மூடிய டிக்கெட்டுகளில் எத்தனை மறுபடி திறக்கப்பட்டன என்பவற்றையும் சேர்த்துப் பாருங்கள். முடித்தவற்றை மட்டும் எண்ணும் அறிக்கையில் இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கவே மாட்டார்கள்; ஆகவே திறந்திருக்கும் டிக்கெட்டுகளின் வயதையும் கேளுங்கள். தயவுசெய்து இந்த எண்களை ஊதிய உயர்வோடு கட்டிவிடாதீர்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகர்: அதிகாலை ஒரு மணி முதல் செய்திகள் குவிவதாக அறிக்கை காட்டுகிறது. இரவு ஷிப்ட் போடலாமா?

பதில்: பொறுங்கள். பல மென்பொருள்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் (UTC) பதிவு செய்கின்றன. மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அந்தக் கணக்கில் அதிகாலை ஒரு மணி என்றால் இங்கே காலை ஒன்பது, கடை திறக்கும் நேரம். நீங்களே இப்போது ஒரு செய்தி அனுப்பி, அது எந்த நேரத்தில் பதிவாகிறது என்று பாருங்கள். அதற்குப் பிறகு ஷிப்ட் பற்றிப் பேசலாம்.