அதோபேயின் வெற்றி – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சொன்னதால் ‘பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்’ என்ற ஜப்பானிய அனிமே (அனிமேஷன் தொடர்) பார்க்க ஆரம்பித்து, செய்காகு பள்ளியின் தெசுகாவும் ஹ்யோதெய் பள்ளியின் அதோபேயும் மோதும் ஆட்டம்வரை வந்துவிட்டேன். தோள் போன பிறகும் தெசுகா ஆடியது எனக்கு வீரமாகப் படவில்லை. பள்ளிக்கூடப் பையன் கையைக் கெடுத்துக்கொள்வதை இப்படியா கொண்டாடுவது? சமநிலையில் நிற்கும் செட்டைத் தீர்க்கிற டைபிரேக்கரில் 37-35 என்பதும் காதில் பூச்சுற்றும் வேலை.

கே.

அன்புள்ள கே.,

பூச்சுற்றல்தான். 1973 விம்பிள்டனில் ஸ்வீடனின் போர்க்கும் நம் பிரேம்ஜித் லாலும் ஆடிய டைபிரேக்கர் 20-18இல் முடிந்ததற்கே இன்றும் வாய்பிளக்கிறோம். ஆனால் எங்கே அடித்தாலும் பந்து சுழன்று தெசுகாவிடமே வந்து சேர்கிற தொடரில் ஸ்கோரை மட்டும் சந்தேகிப்பானேன்!

மற்ற கேள்வி நியாயமானது. அதைத் தெசுகாவை விட்டுவிட்டு அதோபே பக்கமிருந்து பாருங்கள். தெசுகாவின் இடது முழங்கையில் பழைய காயம் இருப்பதை அவன் கண்டுபிடித்துவிடுகிறான். ஆட்டத்தை இழுத்தால் கை தாங்காது, அதனால் இவன் அவசரப்படுவான், அவசரத்தில் தவறுவான் என்பது அவன் போட்ட கணக்கு. தெசுகா அவசரப்படவே இல்லை. இழு, பார்க்கலாம் என்று நின்றுவிடுகிறான். அந்த இடத்தில் அதோபேயின் முகம் மாறுகிறது. அதுவரை கூட்டத்துக்காக ஆடிக்கொண்டிருந்தவன் அதன்பின் எதிரே நிற்பவனோடு மட்டும்தான் ஆடுகிறான். வென்றதும் தெசுகாவின் கையைப் பிடித்து உயர்த்துகிறானே, அந்த ஜம்பக்காரனிடம் நான் எதிர்பார்க்காதது அது.

இன்னொன்று. இரு பள்ளிகளுக்கும் இடையிலான ஐந்து ஆட்டங்களில் இதுதான் கடைசி. அப்போது செய்காகு இரண்டில் வென்று ஒன்றில் தோற்றிருந்தது. செய்காகுவின் கவாமுராவும் ஹ்யோதெயின் கபாஜியும் ஆடிய ஆட்டம் இருவர் கையும் போய் முடிவில்லாமல் நின்றது. ஆக, தெசுகா பாதியில் விலகியிருந்தாலும் 2-2, ஆடித் தோற்றாலும் 2-2. எப்படியும் மாற்று ஆட்டக்காரர்கள்தான் தீர்க்கவேண்டும். அணிக்காகத் தியாகம் என்று ரசிகர்கள் உருகுவதை நான் பாதிதான் ஏற்பேன். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எதிரே சரிக்குச் சரியான ஆள், விட மனம் வரவில்லை.

கதை அதற்கு அவனைச் சும்மா விடவுமில்லை (முன்கூட்டியே சொல்வதற்கு மன்னிக்கவும்). சிகிச்சைக்காக, மூலமான மங்கா சித்திரக்கதையில் கியூஷூவுக்கும் அனிமேயில் ஜெர்மனிக்கும் போகிறான். கான்டோ வட்டார இறுதிப் போட்டியில் அவன் இல்லை. பதினான்கு பதினைந்து வயதுப் பையனைத் தடுத்து உட்காரவைக்கப் பெரியவர் ஒருவரும் இல்லையே என்ற உங்கள் கோபம் மட்டும் அப்படியே நிற்கிறது. எனக்கும் அதற்குப் பதில் இல்லை.

அடுத்தது அந்த மாற்று ஆட்டக்காரர்கள், ரியோமா–ஹியோஷி ஆட்டம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.