முன்னும் பின்னும் ஷொக், நான்கு அங்குல டயர்: ஒரு மணிநேரப் பரீட்சார்த்த ஓட்டத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 92 கிலோ, நெடுநாளாக இடுப்பு வலி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மோர்னிங்சைட் பக்கம் வீடு. கென்னடி - எக்ளிங்டன் பக்கம் வேலை. ஒரு வழி சுமார் 9 கிலோமீட்டர். முன்னும் பின்னும் ஷொக் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) உள்ள, 26 அங்குலச் சில்லும் 4 அங்குல அகல டயரும் கொண்ட மின் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பின் சில்லில் 500 வாட் மோட்டர், 48 வோல்ட் 20 அம்பியர்-மணி பற்றரி, 120 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். எடை 38 கிலோ. விலை 2,800 டொலர். சனிக்கிழமை ஒரு மணிநேரம் ஓட்டிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்திருக்கிறார். எதைக் கவனிக்க வேண்டும்? வாங்கலாமா?

பதில்: விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது 120 கிலோமீட்டர். நான் முதலில் படித்தது பொடி எழுத்தில் இருக்கும் 38 கிலோவைத்தான். தமிழ்க் கடையில் 40 இறாத்தல் அரிசிப் பை தூக்கியிருப்பீர்கள். அப்படி இரண்டு பையையும் சேர்த்துக் கட்டினால்கூட இந்தச் சைக்கிளின் எடைக்குச் சற்றுக் குறைவுதான். வீட்டு வாசலில் படி இருக்கிறதா, நிலவறையில் வைக்கப் போகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், கடையில் ஓட்டுவதற்கு முன் பற்றரியைக் கழற்றிவிட்டு மூன்று படி தூக்கிப் பாருங்கள். இடுப்பு அங்கேயே பதில் சொல்லிவிடும். காருக்குப் பின்னால் பூட்டும் சைக்கிள் தாங்கிகளில் பல, ஒரு சைக்கிளுக்கு 27 கிலோ அளவுதான் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி ஓட்டம். முதல் பத்து நிமிடம் மோட்டரை இயக்காதீர்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. மோட்டர் இழுக்கத் தொடங்கினால் 92 கிலோ மனிதருக்கும் இருபது வயது திரும்பிவிடும். அந்த உற்சாகத்தில் ஷொக் என்ன செய்கிறது, சைக்கிளின் உலோகச் சட்டத்தின் மூட்டுகள் ஆடுகின்றனவா, இரு மிதிகளுக்கும் இடையிலான அகலம் முழங்காலுக்கு ஒத்துவருகிறதா என்பதெல்லாம் மறைந்துபோகும். இந்த அகலம் சாதாரண விடயமல்ல. வழமையான மலைச் சைக்கிளில் மிதி அச்சு செல்லும் குழல் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலம். தடித்த டயர் சைக்கிளில் அது 100 அல்லது 120. கால்கள் அகன்று நின்று மிதிக்க வேண்டும். சிலருக்கு அது தெரியவே தெரியாது, சிலருக்கு ஒரு வாரத்தில் முழங்கால் வலிக்கும். பத்து நிமிடம் மோட்டரின்றி மிதித்தால் நீங்கள் எந்த வகை என்று ஓரளவு புரியும்.

அதற்கும் முன்னால் டயரின் காற்றழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். தடித்த டயர் சைக்கிளின் குணத்தை இந்த ஓர் எண் தலைகீழாக்கும். 28 பி.எஸ்.ஐ. அடித்து வைத்திருந்தால் எந்த ஷொக்கும் கட்டையாகத்தான் தெரியும். 10 பி.எஸ்.ஐ.யில் விட்டிருந்தால் மட்டமான ஷொக்கும் மெத்தையாக இருக்கும், ஆனால் திருப்பத்தில் கைபிடி தானாக உள்ளே இழுக்கும். உங்கள் எடைக்குத் தார்ச்சாலையில் பின்னே 20, முன்னே 17 அல்லது 18 என்று வைத்து ஓட்டத்தைத் தொடங்குங்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டக் கூடாது. சரளைப் பாதைக்கு 12 முதல் 15, பனிக்கு அதிலும் குறைவு. சாதாரணக் கார் அளவுகோல் இந்தக் குறைந்த அழுத்தத்தில் பொய் சொல்லும். 30 வரை மட்டுமே காட்டும் அளவுகோல் ஒன்றை வாங்கி வையுங்கள். ஜனவரியில் அது உதவும். வீட்டுக்குள் 20 பாகையில் 20 பி.எஸ்.ஐ. அடித்த டயர், வெளியே மறை 10 பாகையில் 16க்குச் சற்று மேலே வந்து நிற்கும். டயர் ஓட்டை என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேருக்கு வந்தது ஓட்டையல்ல, குளிர்தான்.

தடித்த டயர் பனியிலும் மணலிலும் புதையாமல் மிதப்பதற்காகப் பிறந்தது. அலாஸ்காவின் பனித்தடங்களிலும் நியூ மெக்சிகோவின் மணலிலும் ஆர்வலர்கள் கைவேலையாகச் செய்துகொண்டிருந்ததை, 2005இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற பெயரில் தொழிற்சாலையில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் முன் ஷொக்கும் இல்லை, பின் ஷொக்கும் இல்லை. டயரே ஷொக். சிறு குழிகளுக்கும் வெடித்த தாருக்கும் இன்றும் அது போதும். அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. டயர் வெறும் வில் (ஸ்பிரிங்). அமுங்கியதை அடக்கித் திருப்பும் எண்ணெய்த் தடை அதற்குள் கிடையாது. அதனால் வேகமாகப் போகும்போது அடுத்தடுத்து வரும் மேடுகளில் பந்துபோலத் துள்ளத் தொடங்கும். பின் ஷொக்கின் வேலை அந்தத் துள்ளலை அடக்குவது. அதைச் செய்யாத ஷொக் வெறும் இரண்டு மூன்று கிலோ இரும்பு.

செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு துணையாளும் ஓர் அளவுநாடாவும் வேண்டும். ஷொக்கின் இரு முனை ஆணிகளின் நடுவுக்கு நடு தூரத்தை, யாரும் ஏறாத நிலையில் அளந்து குறியுங்கள். பிறகு வேலைக்குப் போகும் உடுப்போடும் பையோடும் ஏறி, சுவரில் ஒரு கையால் மெல்லப் பிடித்து, இருக்கையில் அமர்ந்து இரு கால்களையும் மிதியில் வையுங்கள். துணையாள் மறுபடி அளக்கட்டும். ஷொக் முழுமையாக அமுங்கும் தூரம் 50 மில்லிமீட்டர் என்றால், நீங்கள் சும்மா அமர்ந்ததிலேயே 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை அமுங்கியிருக்க வேண்டும். அதாவது கால் பங்கு அல்லது சற்று மேல். ஐந்தோ ஆறோதான் என்றால் வில் உங்களுக்கு மிகக் கடினம். சின்னக் குழிகளில் அது அசையவே அசையாது. இருபதைத் தாண்டினால் பெரிய குழியில் அடிவரை இறங்கி முதுகில் இடிக்கும்.

இந்த விலையில் பெரும்பாலும் சுருள்வில் ஷொக்தான் வரும். அதன் மேலுள்ள வளையத்தைத் திருகினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அந்த வளையம் வில்லின் தொடக்க இறுக்கத்தை மட்டும் மாற்றும், கடினத்தை மாற்றாது. ஓரிரு சுற்றுக்குள் சரியான அளவு வராவிட்டால் வில்லையே மாற்ற வேண்டும். "உங்கள் எடைக்கு ஏற்ற வில் மாற்றித் தருவீர்களா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலிருந்து கடையைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம். காற்று ஷொக் என்றால் இந்தத் தலைவலி இல்லை. கைப் பம்பினால் உங்கள் எடைக்கு அமைத்துவிடலாம்.

அடுத்து, அமர்ந்தபடியே மெதுவாக நடைபாதை விளிம்பிலிருந்து கீழே இறங்குங்கள். சைக்கிள் ஒருமுறை எழுந்து அமைதியாக வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆடினால் எண்ணெய்த் தடை போதவில்லை, அல்லது அப்படி ஒன்று உள்ளே இல்லவே இல்லை. பிறகு சைக்கிளின் பின்புறத்தைத் துணையாள் தூக்கிப் பிடிக்க, பின் சில்லைப் பக்கவாட்டில் உலுக்குங்கள். டக் டக் என்று சட்டத்தில் கேட்டால் மூட்டுகளின் புஷ் (உள்வளையம்) தளர்ந்திருக்கிறது என்று பொருள். புதுச் சைக்கிளில் அதைக் கேட்டால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஷொக் நல்லதாகவே இருந்தாலும் ஒரு தடை உண்டு. மோட்டர் பின் சில்லின் நடுவில் இருக்கிறது. அது மட்டுமே நான்கு ஐந்து கிலோ இருக்கும். அதோடு தடித்த டயரும் அகன்ற விளிம்பும். ஷொக்குக்குக் கீழே தொங்கும் இந்தப் பாரம் முழுவதும் ஒவ்வொரு குழியிலும் மேலே எறியப்பட்டுக் கீழே விழுகிறது. இலேசான சில்லு சாலையின் வடிவத்தோடு ஒட்டி ஓடும். பாரமான சில்லு குழியைக் கடந்த பின்னும் தன் பாட்டில் ஆடும். அதனால்தான் மிதி அச்சில் மோட்டர் உள்ள மலைச் சைக்கிளின் பின் ஷொக் தரும் சொகுசை இதில் எதிர்பார்க்கக் கூடாது. விலையும் அதற்கேற்ப இரட்டிப்பாகும் என்பது வேறு கதை.

இப்போது மோட்டரை இயக்குங்கள். மோட்டர் தரும் உதவியை உச்ச அளவில் வைத்து, காலியான வாகனத் தரிப்பிடத்தில் நடை வேகத்தில் ஒரு முழு வட்டம் திரும்பிப் பாருங்கள். மிதி சுழல்கிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி என்றால் அரைச் சுற்று சும்மா இருந்துவிட்டுத் திடீரெனத் தள்ளும். பனி படிந்த திருப்பத்தில் அந்தத் தள்ளல் உங்களைக் கீழே போடும். கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் உணரி என்றால் உங்கள் அழுத்தத்தோடு சேர்ந்து வரும். இடுப்பு வலிக்காரருக்குப் பின் ஷொக்கைவிட இது பெரிய வசதி என்பது என் அபிப்பிராயம். மிதிப்பதை நிறுத்திய பின் மோட்டர் எவ்வளவு நேரம் ஓடுகிறது, பிரேக் பிடியைத் தொட்டவுடன் மோட்டர் நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக: நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 130 கிலோ. 32 கிலோமீட்டர் வேகத்தில் அதை நிறுத்த, 15 கிலோ சாதாரணச் சைக்கிளை 25 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதைப்போல இரண்டு மடங்கு ஆற்றலைப் பிரேக் விழுங்க வேண்டும். எண்ணெயில் இயங்கும் பிரேக், 180 மில்லிமீட்டருக்குக் குறையாத தட்டு. கம்பியில் இழுக்கும் பிரேக் என்றால் வேண்டாம்.

தூரத்துக்கு வருவோம். 48ஐ 20ஆல் பெருக்கினால் 960 வாட்-மணி. அதில் 120 கிலோமீட்டர் போக, கிலோமீட்டருக்கு 8 வாட்-மணி மட்டுமே செலவாக வேண்டும். மெல்லிய டயர், ஒல்லியான ஆள், எதிர்க்காற்றில்லாத நாள், பாதி வேலையைக் கால்களே செய்தால் அது நடக்கும். உங்கள் எடைக்கும் இந்த டயருக்கும் நடுத்தர உதவியில் 15 முதல் 20 வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்காமல் த்ரொட்டிலில் போனால் 25ஐத் தாண்டும். ஆக, பற்றரியை அடிவரை தீர்க்காமல் ஓட்டினால் நடைமுறையில் 45 முதல் 55 கிலோமீட்டர், கடுங்குளிரில் அதிலும் கணிசமாகக் குறைவு. உங்களுக்குத் தேவை நாளுக்கு 18. எனவே 15 அம்பியர்-மணியே தாராளம்; எடையும் குறையும். உறைபனியில் நின்ற பற்றரியை உடனே மின்னேற்றாதீர்கள். பூச்சிய பாகைக்குக் கீழே மின்னேற்றினால் கலங்களுக்குள் இலிதியம் உலோகமாகப் படியும். பழுதும் நிரந்தரம், ஆபத்தும் உண்டு. வீட்டுக்குள் சில மணிநேரம் வைத்துச் சூடு பிடித்த பிறகே மின்னேற்றுங்கள். மின் சைக்கிளின் மின்பாகங்களுக்கான பாதுகாப்புச் சான்றாகிய யு.எல். 2849 சைக்கிளின் சட்டத்தில் ஒட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "இருக்கிறது" என்ற வாய்ச்சொல் போதாது. 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சுரங்க ரயிலுக்குள் ஒரு மின் சைக்கிள் தீப்பற்றியது நினைவிருக்கலாம். 2024 இறுதியில் ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்துச் சேவையான ரி.ரி.சி.யின் நிர்வாக சபை நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தன் வாகனங்களில் மின் சைக்கிள்களுக்குத் தடை விதித்தது. பாதி வழியில் பழுதானால் ரயிலில் ஏற்றிக்கொண்டு வரலாம் என்ற திட்டம் குளிர்காலத்தில் எடுபடாது.

ஒன்ராறியோவில் 500 வாட், 32 கிலோமீட்டர் வேகம், தலைக்கவசம் என்பவை கட்டாய எல்லைகள். "வேகப் பூட்டைத் திறந்தால் 45 போகும்" என்று கடைக்காரர் காதில் சொன்னால் அது சலுகையல்ல. திறந்த அந்த நிமிடம் அது பதிவும் காப்புறுதியும் இல்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் உங்கள் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். மின்கோபுரங்களுக்குக் கீழே ஓடும் மெடோவே பாதை உங்கள் வழிக்கு அருகில்தான் இருக்கிறது. அது போன்ற பொதுப் பாதைகளில் ரொறன்ரோ நகரம் அனுமதிப்பது, மிதித்தால் மட்டுமே ஓடுகிற, 40 கிலோவுக்குக் குறைந்த மின் சைக்கிளை. 38 கிலோவோடு பொருள் தாங்கியும் கூடையும் பூட்டும் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று கூட்டிப் பாருங்கள்.

வாங்கலாமா என்று கேட்டீர்கள். மெடோவே வழவழப்பான தார். மற்றச் சாலைகளில் குளிர்காலம் விட்டுச்செல்லும் குழிகள் உண்டு. நான்கு அங்குல டயர் அவற்றை விழுங்கும். ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவின் நடைத்தடங்களில் வார இறுதியில் ஓட்டலாம் என்ற எண்ணம் இருந்தால், அவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. உங்கள் வழியில் பின் ஷொக்குக்கு வேலை மிகக் குறைவு. இதே டயர், முன் ஷொக் மட்டும், அழுத்தத்தை அளக்கும் உணரி, 15 அம்பியர்-மணி பற்றரி உள்ளதைத் தேடுங்கள். மிச்சப் பணத்தில் வில் பொருத்திய இருக்கைத் தண்டு ஒன்று போடுங்கள். இடுப்புக்கு அது செய்யும் உதவி நேரடியானது. பின் ஷொக் ஆசை விடவில்லை என்றால், அமர்ந்து பார்க்கும் அளவு சரியாக வந்தால் மட்டும் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் 200 கிலோமீட்டர் ஓடியதும் பின் சில்லின் ஆரக்கம்பிகளை இறுக்கக் கொண்டுபோங்கள். மோட்டர் சில்லுகளில் முதலில் அறுவது அவைதான். அதோடு, டயர் ஓட்டையானால் சில்லைக் கழற்ற, பின் சில்லின் அச்சு நட்டுக்குப் பொருந்தும் சாவி ஒன்று பையில் இருக்கட்டும். போன பெப்ரவரியில் அது இல்லாமல் நானே லோரன்ஸ் அவெனியூவிலிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டு நடந்தேன்.