மதியச் சாப்பாடும் மக்கர் பண்ணும் ஸ்கேனரும்

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் பேக்கிங் டேபிளுக்கு வைஃபை பார்கோடு ஸ்கேனர் வைத்திருக்கிறோம். மதியம் பக்கத்து அறையில் மைக்ரோவேவ் அடுப்பைப் போட்டால் போதும், ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேருவதில்லை. அலைவரிசைக்கு லைசென்ஸ் வாங்கினால் சரியாகுமா? - வாசகி, அவிநாசி

பதில்: அதை உங்களுக்கென்று தனியாக வாங்க முடியாதுங்க. உங்கள் ஸ்கேனரின் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பது மேய்க்கால் புறம்போக்கு மாதிரி, யார் வேண்டுமானாலும் மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம், பக்கத்து மாடு மேய்ந்துவிட்டது என்று பஞ்சாயத்து வைக்க முடியாது. சொல்லப்போனால் வைஃபைதான் பின்னால் வந்தது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச ரேடியோ மாநாட்டிலேயே 2450 மெகாஹெர்ட்ஸை (அதாவது 2.45 கிகாஹெர்ட்ஸை) ஒட்டிய பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். இந்தியாவில் 2005-ல் குறைந்த சக்திக் கருவிகளுக்கு இந்த அலைவரிசையில் லைசென்ஸ் தேவையில்லை என்று அறிவித்தபோதே, இடைஞ்சல் வந்தால் பாதுகாப்பு கேட்க முடியாது என்றும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள்.

அடுப்புக்குள் ஓடுவது 800 வாட் அளவு, உங்கள் ரவுட்டர் விடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. கதவிடுக்கில் துளி கசிந்தாலும் பக்கத்தில் இருக்கும் ஸ்கேனர் திணறிவிடும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் அடுப்பு கரண்டின் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம்தான் அலை விடும், அந்த இடைவெளியில் வைஃபை தகவலை நுழைத்துவிடப் பார்க்கும், அதனால் இடையிடையே சில ஸ்கேன் போய்ச் சேரவும் கூடும்.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை அடுப்பில் வைத்து ஓட்டி, ஸ்கேனரோடு நாலு இடத்தில் நின்று பாருங்கள். அப்புறம் ரவுட்டரை டேபிளுக்கு நேர் மேலே கொண்டு வாருங்கள். அடுப்பின் இரைச்சல் பெரும்பாலும் 2450-ஐ ஒட்டியே இருக்கும், வைஃபையின் 1-ஆம் சேனல் 2412-ல் இருப்பதால் சற்றுத் தப்பிக்கும், ரவுட்டரில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் 5 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யுமென்றால் யோசிக்காமல் அதற்கு மாறுங்கள். அடுப்புக் கதவு தொய்ந்திருந்தால் அடுப்பையே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சாயப்பட்டறையில் நூல் கோன் உலர்த்த ஆர்.எஃப். டிரையர் (ரேடியோ அலையால் சூடாக்கி உலர்த்தும் இயந்திரம்) போடப்போகிறோம். வைஃபை போய்விடுமா? - வாசகர், பெருந்துறை

பதில்: போகாது. இந்த டிரையர்கள் வழக்கமாக 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடும், வைஃபை அதைவிட சுமார் 90 மடங்கு மேலே இருக்கிறது. ஈரம் இருக்கும் இடத்திலேயே சூடு பிறப்பதால் கோனின் உள்சுற்றும் ஒரே சீராகக் காயும், நல்ல முடிவுதான். சர்வீஸ் பார்த்துவிட்டு மூடும்போது பேனலில் நாலு ஸ்க்ரூவை விட்டுவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். எர்த்தும் பேனலும் இறுக்கமாக இருந்தால்தான் அலை பெட்டிக்குள்ளேயே நிற்கும்.