‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றால் தவணை தவறிவிட்டதா?

கேள்வி: எங்கள் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் அறிக்கையில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று ஒரு தொகை இருக்கிறது. ஒரு மாதத் தவணையைக்கூட நாங்கள் விட்டதில்லை. மகளின் ஆசிரியர் அவளைப் பாராட்டவும் இதே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார். அறிக்கை எங்களைக் குறை சொல்கிறதா?
— ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: இல்லை, நிம்மதியாக இருங்கள். அது நீங்கள் இன்னும் அடைக்க வேண்டிய மீதிக் கடன். ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர்களின் அறிக்கையிலும் கடன் முடியும்வரை அந்த வரி இருக்கும். கவலைப்பட வேண்டிய சொற்கள் ‘ஓவர்டியூ’, ‘அரியர்ஸ்’ ஆகியவை. கெடு கடந்துவிட்டதை அவைதாம் சொல்கின்றன. அவற்றைக் கண்டால் அன்றே கடன் கொடுத்தவரை அழைத்துப் பேசிவிடுங்கள்.

ஒரே சொல் பாராட்டாகவும் பாக்கியாகவும் ஆனது எப்படி? ‘வெளியே நிற்பது’ என்பதே இதன் வேர்ப்பொருள். முதலில் துருத்திக்கொண்டு நிற்கும் பொருளைத்தான் ஆங்கிலேயர் இப்படிக் குறித்தார்கள். தீராமல் நிற்கும் கணக்கு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. கூட்டத்தில் தனித்து நிற்கும் சிறப்பு என்பது 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. தமிழும் இதே வழியில் நடந்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது: ‘நில்’ என்ற வேரிலிருந்துதான் நமக்கு ‘நிலுவை’ கிடைத்திருக்கிறது!

அன்றாடத்தில் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். தொகை, கட்டணம், அபராதம் என்றால் நிலுவை. மாணவர், சேவை, சாதனை என்றால் சிறப்பு. குழப்பம் வருவது அலுவலக மின்னஞ்சலில்தான். ‘யுவர் ரிப்போர்ட் இஸ் ஸ்டில் அவுட்ஸ்டாண்டிங்’ என்று மேலாளர் எழுதினால் மகிழ்ந்துவிடாதீர்கள். அறிக்கை இன்னும் அவர் கைக்கு வரவில்லை. ‘ஸ்டில்’ இருந்தால் பெரும்பாலும் நிலுவைதான். பங்குச் சந்தையில் இச்சொல்லுக்குக் கடனோடு தொடர்பே இல்லை. பங்குதாரர்களின் கையில் இருக்கும் பங்குகளையே அது குறிக்கிறது.

வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அறிக்கையில் காணும் தொகை கடன் மீதி மட்டுமே. வீட்டுக்காக எடுத்த மத்திய சேமநிதிப் பணம், அதாவது சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் சேமிப்பு, அதில் சேராது. விற்ற பணத்தில் முதலில் கடன் அடையும். பிறகு அந்தச் சேமநிதிப் பணம், அது சேர்த்திருக்கக்கூடிய வட்டியோடு உங்கள் கணக்குக்கே திரும்பும். வீட்டுக்குப் பணம் எடுக்கும் சேமநிதியின் சாதாரணக் கணக்குக்கு ஆண்டு வட்டி 2.5 விழுக்காடு என்பதால், பல ஆண்டுகளில் அது பெரிய தொகையாகிவிடும். இவற்றோடு விற்பனைச் செலவுகளையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கைக்கு வரும் ரொக்கம்.