ஃபின்னி கவுன்டியின் முதன்மைத் தொழில் எது, ஏன்?

கவுன்டி என்பது அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவு. ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது. கான்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கில், கார்டன் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபின்னி கவுன்டி கோதுமை வயல்களால் அறியப்பட்டாலும், அதன் பொருளாதாரத்தைத் தாங்குவது மாட்டிறைச்சித் தொழிலே.

இதற்கு அடிப்படை நிலத்தடி நீர். மழை குறைந்த இப்பகுதியில் ஓகலாலா என்னும் நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து இறைக்கும் நீரை, சக்கரங்களில் நகரும் நீண்ட குழாய் ஒரு மையத்தைச் சுற்றிவந்து தெளிக்கிறது; ஒரு சுற்றுக்குள் ஏறத்தாழ 125 ஏக்கர் நனையும் என்பதால், விமானத்திலிருந்து பார்த்தால் வயல்கள் பச்சை வட்டங்களாகத் தெரியும். அந்த நீரில் மக்காச்சோளம் விளைந்தது. தீவனம் இருந்த இடத்துக்கு மாடுகளைக் கொழுக்கவைக்கும் பட்டிகள் வந்தன. 1980இல் ஹோல்கம் அருகே பெரிய இறைச்சி ஆலையும் திறக்கப்பட்டது. ஆலை பட்டிகளின் அருகே வந்ததற்குக் காரணம் உண்டு: உயிருள்ள மாட்டைத் தொலைவுக்கு அனுப்பினால் வழியிலேயே எடை குறையும், எலும்புக்கும் தோலுக்கும் சேர்த்து லாரி வாடகை கொடுக்க வேண்டியிருக்கும். தேங்காயைத் தோப்பிலேயே உரித்து, மட்டையைக் கழித்துவிட்டு லாரியில் ஏற்றுவதும் இதே கணக்குதான். ஆலைப் பணிக்கென வியட்நாம், மெக்சிகோ, சோமாலியா எனப் பல நாட்டினர் இங்கே குடியேறினர்.

ஆனால் மழைநீர் ஊறிச் சேர்வதைவிட வேகமாக இறைப்பதால் நீர்மட்டம் தாழ்ந்துவருகிறது. என் பார்வையில், இக்கவுன்டியின் உண்மையான முதலீடு மாடல்ல, இந்த நீர்தான்.

ஊரகக் கவுன்டி என்றாலே அங்குள்ளோர் பெரும்பாலும் உழவர்கள் என்று பலர் எண்ணுகின்றனர். ஃபின்னியில் உழவர்கள் சிறுபான்மையினரே, ஆலை, கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றில் மாதச் சம்பளமோ வாரக் கூலியோ பெறுவோரே மிகுதி.