விதையை எடுப்பதா, ஊசி போடுவதா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. விதைகளை (விரைகளை) எடுத்துவிடலாம், இல்லையென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி என்கிறார் டாக்டர். "இந்த வயசுல என்னைக் காயடிக்கப் பார்க்கிறீங்களா?" என்று அப்பா கோபப்படுகிறார். எது நல்லது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அப்பாவின் கோபம் நியாயம்தான். ஆனால் ஊசி செய்வதும் அதே வேலைதான் என்பதை அவருக்குச் சொல்லுங்கள். இந்தப் புற்றணுக்களுக்குத் தீனி டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். அதில் 90 விழுக்காட்டுக்கு மேல் விதைகளில் சுரக்கிறது. விதைகளை எடுத்தால் நோய் அடங்குகிறது என்று 1941-இல் காட்டிய சார்ல்ஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அறுவையில் விதைப்பையில் சின்னக் கீறல்தான். ஹார்மோன் ஒரே நாளில் சரிந்துவிடும், ஆனால் திரும்ப வராது. பை வெறுமையாகத் தொங்குமே என்று அப்பா கூசினால், உறையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் வழித்தெடுக்கும் முறை உண்டா என்று கேளுங்கள்.

ஊசி என்றால், உதாரணமாக கோசெரலின் 10.8 மில்லிகிராம், அரிசி போன்ற குச்சியாக வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்துவார்கள். முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறையாது, ஏறும்! முதுகெலும்பில் நோய் இருப்பவருக்கு அதுதான் ஆபத்து. கட்டி வீங்கித் தண்டுவடத்தை நெருக்கலாம். அதனால்தான் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பைகலுட்டமைட் மாத்திரையை முன்கூட்டியே தருகிறார்கள். அதை விடவே கூடாது. கால் மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

ஊசித் தேதி தவறினால் ஹார்மோன் மறுபடி தலைதூக்கும். ஈப்போவுக்கு அழைத்துப்போக ஆளில்லாத வீடென்றால், அறுவையே மேல் என்பது எங்கள் எண்ணம்.

எதைச் செய்தாலும் திடீர் உடல் சூடு, வியர்வை, ஆசைக் குறைவு, தசை இளைப்பு, எலும்புத் தேய்மானம் வரும். இனிப்புநீர் இருந்தால் ஏறக்கூடும். குரல் மாறாது. தினமும் நடக்கட்டும், கால்சியம், வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 50 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டரில்) இருக்கவேண்டும். அப்படி இருந்தும் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் நோயைக் கண்காணிக்கும் ரத்த அளவு) ஏறினால் அடுத்த மருந்துக்கு நேரம் வந்துவிட்டது. அபிராட்டரோன் போன்ற மாத்திரையை இப்போது தொடக்கத்திலேயே சேர்ப்பதும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

கேள்வி: ஆட்டுக் கிடாய்க் குட்டிக்கு இரண்டாவது வாரமே காயடிக்க ரப்பர் வளையம் போட்டோம். வளர்ந்த பின் ஒண்ணுக்குப் போக முக்கிக் கத்துகிறது. செம்பனைப் பிண்ணாக்குதான் தீனி.
– வாசகர், அதே ஊர்

பதில்: சிறுநீர்க் கல்லாக இருக்கலாம். தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மூத்திரப் பை வெடித்தால் பிழைப்பது அரிது. ஆணுறுப்பின் நுனியில் புழு மாதிரி ஒரு வால் இருக்கும். கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும், அதை அவர் நறுக்கி வழி திறப்பார்.

சீக்கிரம் காயடித்தால் சிறுநீர்க் குழாய் அகலமாக வளர டெஸ்டோஸ்டிரோன் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, பிண்ணாக்கில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். அடுத்த குட்டிகளை மூன்று, நான்கு மாதம்வரை விடுங்கள், ஆனால் அதற்குள் தாயையும் மற்ற பெட்டைகளையும் விட்டுப் பிரித்துக் கட்டுங்கள். அந்த வயதிலேயே சினையாக்கிவிடும். அந்தப் பருவத்தில் ரப்பர் வளையம் வேண்டாம், மருத்துவரே வலிமருந்து கொடுத்துச் செய்யட்டும். பிண்ணாக்கைக் குறைத்துப் புல்லும் தழையும் கூட்டுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். செம்மறியும் வளர்த்தால் அதற்குப் பிண்ணாக்கை அள்ளிப் போடாதீர்கள்: அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலைக் கெடுக்கும்.